ஊசி வலியும் குழந்தைகளின் கவனமும்

(பொம்மசந்திராவில் செவிலியப் பயிற்சி மாணவர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் கூடியிருந்த அவையில் மைய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பொருளியல் பயின்று, மைய அரசின் கோப்புகளுக்கிடையே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவன், குழந்தைகளின் கையில் ஊசி குத்தும்போது உண்டாகும் வலியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உங்கள் அழைப்பைக் கண்ட என் சக அலுவலர் ஒருவர், "இதில் பொருளாதாரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அன்று அவருக்கு நான் விடை கூறவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

நாம் கூடியிருக்கும் ஊரிலிருந்தே தொடங்குவோம். பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில், தொழிற்பேட்டையாக அறியப்பட்டிருந்த பொம்மசந்திராவுக்கு 2000ஆம் ஆண்டில் மற்றொரு பெயரும் சேர்ந்தது. இதய அறுவை மருத்துவர் தேவி பிரசாத் ஷெட்டி நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனையை இங்கு நிறுவினார். 2009இல் அவ்வளாகத்திலேயே புற்றுநோய் மருத்துவமனையும் எழுந்தது. கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களான உழவர்களுக்கென 2003இல் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி திட்டத்தின் பின்னணியிலும் அவருடைய சிந்தனை இருந்தது. தலைக்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 ரூபாய் என்னும் சந்தாவில் அறுவைச் சிகிச்சை என்பது அந்நாளில் எங்களைப் போன்றோருக்கு நம்பவியலாத கணக்காகத் தோன்றியது. அத்திட்டம் 2018இல் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டு, 2022இல் மீண்டும் உயிர்பெற்றது தனிக் கதை. மருத்துவச் செலவைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் எதைக் குறைக்கலாம் என்று ஆராயும் பழக்கத்திற்கு இவ்வூர் பெயர் பெற்றது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன். அப்பழக்கத்தைக் குழந்தையின் வலிக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையில் தொடங்கி இங்கேதான் முடிவடைகிறது. அதில் வந்திறங்குவோருள் தொழிலாளர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? கையில் மருத்துவக் கோப்பும் இடுப்பில் குழந்தையுமாக இறங்கும் தாய்மார்களையும் காண்கிறோம். எல்லைக்கு அப்பால் ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வருவோர் உளர். ஆந்திரத்திலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வருவோர் உளர். மொழி பலவாயினும், இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே அமர்ந்திருக்கும் குழந்தையின் முகம் ஒன்றுதான்.

இந்தியக் குழந்தைகளின் உடலிலிருந்து அரசுத் திட்டங்களின்பொருட்டு எவ்வளவு இரத்தம் எடுக்கப்படுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையிலான சுமார் 27 கோடிப் பேரைப் பரிசோதனை வரம்புக்குள் கொண்டுவரும் நோக்குடையது. அதில் குறை கண்டறியப்படும் குழந்தைக்கு அடுத்த படி பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையே. நம் நாட்டில் ஆண்டுதோறும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறவி இதயக் கோளாறுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் எத்தனை முறை ஊசி குத்தப்படும் என்பதை இங்குள்ள செவிலியரே அறிவர். 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. தலசீமியா நோயுற்ற குழந்தைக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் செலுத்தியாக வேண்டும். அதாவது அக்குழந்தையின் நாட்காட்டியில் பண்டிகைகளைவிட ஊசிகள் அதிகம்.

இவ்விடத்தில் புள்ளியியல் சார்ந்த ஒரு செய்தியையும் கூறிவிடுகிறேன். இது என் துறைக்கு நெருக்கமானது. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளுள் 58.6 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு எனக் கூறியது. அடுத்த கணக்கெடுப்பில், 2019-21இல், அது 67.1 விழுக்காடாயிற்று. ஆயினும், 2016-18இல் நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுள் 41 விழுக்காட்டினருக்கே இரத்தசோகை எனக் கண்டது. முன்னவை விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கொண்டு அளந்தவை. பின்னது கையின் சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. வயது வரம்பிலும் வேறுபாடு உண்டு என்றாலும், இரத்தம் எடுத்த முறையே இடைவெளிக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இதன் விளைவாக, இரத்தசோகை அளவீட்டைக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்து பிரித்து, சிரை இரத்தத்தைக் கொண்டு அளக்கும் தனிக் கணக்கெடுப்புக்கு மாற்றும் முடிவு எடுக்கப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் கணக்கு துல்லியமாக வேண்டுமென்றால் குழந்தையின் கையை நாம் நாட வேண்டியிருக்கிறது. நம் அட்டவணையின் ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு குழந்தை அழுதிருக்கிறது.

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அனுமதிக்க வேண்டும். என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது விடாத காய்ச்சல் கண்டது. நான் அப்போது பணியாற்றிய நகரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தம் எடுக்க வேண்டுமென்றார்கள். குழந்தையை மேசையில் மல்லாக்கக் கிடத்தி நான்கு பேர் பிடித்துக்கொண்டோம். ஆம், பிடித்தவர்களுள் நானும் ஒருவன், முழங்கால்களைப் பிடித்திருந்தேன். முதல் குத்தில் சிரை அகப்படவில்லை, இரண்டாவதில் வழுவிற்று, மூன்றாவதில் இரத்தம் வந்தது. அவன் கத்தியதைவிட, கத்தி ஓய்ந்தபின் என்னைப் பார்த்த பார்வைதான் இன்றும் நினைவில் இருக்கிறது. அதன்பின் வெள்ளை மேலங்கியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். பதினேழாம் வயதில் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டபோது, இரத்தப் பரிசோதனைக்கு வர மறுத்து மூன்று நாட்களை வீணாக்கினான். நான்காம் நாள் மூக்கில் இரத்தம் கசிந்த பிறகே வந்தான். பிழைத்துக்கொண்டான். அந்த மூன்று நாட்களின் விதை பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த மேசையில் விதைக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த மருத்துவமனையினர் கொடியவர் அல்லர். அவர்களுக்கு வேறு முறை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

குழந்தையின் வலியை மருத்துவ உலகம் பொருட்படுத்தத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். பச்சிளங்குழந்தைகளுக்கு நரம்பு மண்டலம் முதிராததால் வலியை உணரமாட்டார்கள் என்ற கருத்து 1980கள் வரை பரவலாக இருந்தது. அறுவைச் சிகிச்சைகூட மிகக் குறைந்த மயக்க மருந்துடன் செய்யப்பட்டு வந்தது. இதனை அசைத்தவர்களுள் முதன்மையானவர், இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. குறைமாதக் குழந்தைகளுக்கு இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயை மூடும் அறுவையின்போது, வலி நீக்கும் மருந்து கொடுத்தபோதும் கொடாதபோதும் உடலில் நிகழும் மாற்றங்களை அவரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டனர். மருந்து பெறாத குழந்தைகளின் உடல் கடுமையான நெருக்கடிக்குள்ளாவதை 1987இல் வெளியிட்டனர். அதன்பின்னரே பச்சிளங்குழந்தைக்கும் வலி உண்டு என்பது பாடநூலில் ஏறிற்று. தாய்மாருக்கு இது முன்பே தெரியும் என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.

பெரிய அறுவைக்கு மருந்து உண்டு. ஒரு நிமிடத்தில் முடியும் ஊசிக்கு என் செய்வது? மரமரப்பூட்டும் களிம்பு இருக்கிறது. ஆனால் அது தோலில் ஊறிச் செயற்படச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். கூட்டம் நெரியும் வெளிநோயாளர் பிரிவில் அந்த ஒரு மணி நேரம் எளிதில் கிடைப்பதில்லை. இங்குதான் கவனத்தைத் திருப்புதல் என்னும் எளிய முறை இடம்பெறுகிறது.

நம் வீடுகளில் நடக்கும் காதுகுத்து விழாவை நினைத்துப் பாருங்கள். குழந்தை தாய்மாமன் மடியில் அமர்கிறது. கையில் இனிப்போ வாழைப்பழமோ கொடுக்கப்படுகிறது. சுற்றிலும் உறவினர் கூட்டம். நாதசுவரமும் தவிலும் ஒலிக்கின்றன. புத்தாடையும் மாலையும் குழந்தைக்கு வேடிக்கையாக இருக்கின்றன. யாரோ ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். அந்தக் கணத்தில் ஆசாரி தம் வேலையை முடித்துவிடுகிறார். குழந்தை அழாமலிருப்பதில்லை, ஆனால் அழுது முடித்ததும் மாமனிடமே ஒட்டிக்கொள்கிறது. மேசையில் கிடத்தி நான்கு பேர் அமுக்குவதற்கும், பழகிய ஒருவர் மடியில் நிமிர்த்தி அமர்த்தி அணைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மேலைநாட்டு மருத்துவமனைகளில் இன்று ஆறுதல் நிலை என்று பெயரிட்டுக் கற்பிக்கப்படுவது ஏறத்தாழ இதுவே. பழமை யாவும் அறிவியல் என்று வாதிடுபவன் அல்லன் நான். இதில் மட்டும் அவ்வொற்றுமையைக் கண்டு வியக்கிறேன்.

கவனம் திரும்பினால் வலி ஏன் குறைய வேண்டும்? 1965இல் மெல்சாக், வால் என்னும் இருவர், வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது என்றும், பிற உணர்ச்சிகளும் மூளையிலிருந்து இறங்கும் ஆணைகளும் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லவை என்றும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவது இதனால்தான் இதமளிக்கிறது. அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்தது. 2012இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள், மனத்தை வேறு வேலையில் ஈடுபடுத்தியவர்களின் தண்டுவடத்தைப் படமெடுத்து, அங்கேயே வலிச் செய்தி தணிந்திருப்பதைக் காட்டினர். உடல் தானே சுரக்கும் அபினி போன்ற பொருளின் செயலை மருந்தால் தடுத்தபோது இந்நன்மையும் குறைந்தது. ஆகவே, விளையாட்டுக் காட்டி ஏமாற்றுவது என்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. குழந்தையின் உடலில் உள்ள மருந்துப் பெட்டியை நாம் திறந்துவிடுகிறோம்.

சோதனைகளும் பல நடந்துள்ளன. 1994இல் அமெரிக்காவில் 100 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வொன்றில், இரத்தம் எடுக்கும்போது கலைடாஸ்கோப் வழியே பார்க்கச் சொல்லப்பட்ட குழந்தைகள் குறைந்த வலியையும் துன்பத்தையும் காட்டினர். திருவிழாக் கடைகளில் நாம் வாங்கிய அதே கண்ணாடிச் சில்லுக் குழல்தான்! நம் நாட்டில் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தோர் கேலிச்சித்திரத் திரைப்படங்களைக் காட்டிச் சோதித்து 2012இல் வெளியிட்டனர். இத்தாலியின் சியன்னா நகரில் 2006இல் வெளியான ஆய்வு இவற்றினும் சுவையானது. 7 முதல் 12 வயது வரையிலான 69 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் செய்யவில்லை. ஒரு பிரிவில் தாய் பேச்சாலும் தொடுதலாலும் கவனத்தைத் திருப்பினாள். மற்றொரு பிரிவு தொலைக்காட்சியில் கேலிச்சித்திரம் பார்த்தது. குறைந்த வலியைக் கூறியவர்கள் தொலைக்காட்சி பார்த்தவர்களே. தாய்மாரின் முயற்சி அவ்வளவு பயன் தரவில்லை.

தாயினும் தொலைக்காட்சி உயர்ந்ததா என்று வருந்த வேண்டாம். தாயின் மனம் அந்நேரத்தில் அஞ்சி நடுங்குகிறது. அவள் குரலில் அந்நடுக்கம் ஏறுகிறது. குழந்தை அதைப் படித்துவிடுகிறது. "ஒன்றுமில்லை கண்ணா, ஒன்றுமில்லை" என்று அவள் மீண்டும் மீண்டும் சொல்லும்போது, ஏதோ இருக்கிறது என்பதே குழந்தைக்குப் புலப்படுகிறது. கனடாவில் நடந்த ஆய்வுகள் இவ்வகைத் தேற்றுமொழிகள் குழந்தையின் கலக்கத்தை மிகுவிப்பதாகவே காட்டுகின்றன. தாயை வெளியே அனுப்பிவிடலாமா என்றால், கூடாது. அவளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். "இந்தப் படத்தில் எத்தனை யானை என்று குழந்தையைக் கேளுங்கள்" என்று செவிலியர் சொன்னால், தாயின் அச்சமும் சற்று அடங்கும்.

நம் சமூகத்தில் மற்றொரு கேடும் உண்டு. "சோறு தின்னாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்" என்று அச்சுறுத்தாத வீடு எத்தனை? பூச்சாண்டிக்கு அடுத்த பதவியை நாம் ஊசிக்கு அளித்திருக்கிறோம். ஓராண்டு முழுதும் தண்டனையாகக் காட்டப்பட்ட பொருள், ஒருநாள் திடீரென நன்மை என்று சொல்லப்பட்டால் குழந்தை எவ்வாறு நம்பும்? அங்கன்வாடித் தாய்மார் கூட்டங்களில் கூறப்பட வேண்டிய செய்திகளுள் இதுவும் ஒன்று.

வயதுக்கேற்ப முறை மாற வேண்டும். கைக்குழந்தைக்குப் படமும் பொம்மையும் பெரிதாகப் பயன்படுவதில்லை. தாய்ப்பால் அருந்திக்கொண்டிருக்கும்போதே இரத்தம் எடுப்பது அழுகையைக் குறைக்கும். வாயில் இடும் சில துளி சர்க்கரைக் கரைசலும், தாயின் மார்போடு தோல் படக் கிடத்துவதும் பயனுடையவை. பச்சிளங்குழந்தையின் குதிகாலைக் கீறி எடுப்பதைவிட, தேர்ந்த கையொன்று சிரையில் குத்தி எடுப்பதே குறைந்த வலியைத் தருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. சிறு ஊசிதான் சிறு வலி என்று நாம் எண்ணியதற்கு இது மாறானது.

இரண்டு முதல் ஆறு வயது வரையில் சோப்பு நுரைக் குமிழிகளை விட மலிவான மருந்து இல்லை எனலாம். குமிழி ஊதும் குழந்தை தன்னையறியாமல் மூச்சை நீள விடுகிறது. கண்ணும் குமிழியின் பின்னே செல்கிறது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் கண்ட காட்சி: வங்காளம் மட்டுமே அறிந்த சிறுமி, கன்னடமும் தமிழும் மட்டுமே அறிந்த செவிலியர். பேச்சுக்கு வழியில்லை. செவிலியர் குமிழி ஊதினார். சிறுமி ஒன்றை உடைத்தாள். அடுத்ததை ஊதும்படி சைகை காட்டினாள். மூன்றாம் குமிழிக்கும் நான்காம் குமிழிக்கும் இடையே மற்றொருவர் இரத்தத்தை எடுத்து முடித்தார். ஊசி குத்தியபோது சிறுமி முகம் சுளித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. பிறகு மீண்டும் குமிழியைத் தேடினாள். பள்ளி செல்லும் வயதினருக்குக் கணக்குப் புதிரும், கதையும், கிரிக்கெட் பேச்சும் பொருந்தும். நாம் ஊதி விடுவதைவிட, குழந்தையே செய்யும் செயலாக இருப்பது நல்லது. கைப்பேசியில் படம் காட்டுவது எளிது. ஆனால் ஊசி நெருங்கும் கணத்தில் படம் நின்று விளம்பரம் தோன்றினால் எல்லாம் கெட்டது. முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும். இது சிறு செய்தி போலத் தோன்றும். களத்தில் இதுவே பெரிது.

இங்கிருந்து மைசூர் சாலையில் சென்றால் சன்னப்பட்டணம். அங்குக் கடைந்தெடுக்கும் வண்ண மரப்பொம்மைகளை மருத்துவமனைகளுக்கு வாங்கினால் கைவினைஞருக்கும் பயன் என்று ஒருமுறை குறிப்பெழுதினேன். ஆய்வுக்கூட அலுவலர் ஒருவர் அதன் ஓரத்தில், "அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், துடைத்தால் வண்ணம் போகும்" என்று எழுதித் திருப்பியனுப்பினார். அவர் கூறியது சரி. பொம்மை கைமாறும்போது தொற்றும் கைமாறும்; புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளிடையே இதில் அலட்சியம் கூடாது. மரப்பொம்மையைக் குழந்தைக்கே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அல்லது சோப்பு நீரில் கழுவத்தக்க பொருளையே பயன்படுத்தலாம்.

மிகைப்படுத்தவும் கூடாது. 2018இல் காக்ரேன் அமைப்பு 59 சோதனைகளை, 5,550 சிறாரை உள்ளடக்கி, தொகுத்து ஆராய்ந்தது. கவனத்தைத் திருப்புதல் வலியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அச்சான்றின் தரம் தாழ்வானதே என்றும் அது வெளிப்படையாகக் கூறியது. பொம்மை காட்டப்பட்டது குழந்தைக்கும் தெரியும், குறிப்பெடுப்பவருக்கும் தெரியும். மருந்துச் சோதனையில் செய்வது போல இதனை மறைத்துச் சோதிக்க இயலாது. ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அமைதியாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய முகத்தைத் திருப்பக் கூடாது, கேட்டு நடக்க வேண்டும். பழக்கமற்ற கை நான்கு முறை குத்துமாயின் எந்தப் படமும் காப்பாற்றாது. மாதந்தோறும் ஊசி காணும் தலசீமியாக் குழந்தைக்கு முதல் வரிசையில் இருக்க வேண்டியது மரமரப்பூட்டும் களிம்பு; அவர்கள் வரும் நாள் முன்னரே தெரியுமாதலால் ஒரு மணி நேரம் முன்பு பூசிக்கொண்டு வரச் சொல்வதில் தடையேதுமில்லை. பொம்மையைக் காட்டிக் களிம்பை மறுப்பது சிக்கனமாகாது.

பொய்யும் கூடாது. தடுப்பூசி வலி குறித்து 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாட்டில், அச்சமூட்டும் சொற்களையும் பொய்யான உறுதிமொழிகளையும் தவிர்க்குமாறு கூறப்பட்டுள்ளது. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிக் குத்தினால், வலியோடு நம்பிக்கைத் துரோகமும் சேர்கிறது. "இப்போது எடுக்கப் போகிறேன்" என்று இயல்பாகச் சொன்னால் போதும்.

என் சக அலுவலரின் கேள்விக்கு வருகிறேன். பொருளாதாரம் எங்கே இருக்கிறது? குழந்தை திமிறினால் ஊசி வழுவுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த மாதிரி ஆய்வுக்கு உதவுவதில்லை. மறுநாள் மீண்டும் வரச் சொல்கிறோம். சித்தூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்கு அது இரண்டாம் நாள் கூலி இழப்பு, ஓரிரவுத் தங்கல், இரண்டாம் பயணம். நம் வரவுசெலவுக் கணக்கில் இவற்றுள் ஒன்றும் இடம்பெறாது; ஆகவே செலவே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மருத்துவமனையின் கணக்கிலும், நால்வர் பிடித்துக்கொள்ளும் பத்து நிமிடங்கள் யார் தலையிலும் எழுதப்படுவதில்லை. இதற்கும் மேலே, ஒரு நாளின் அச்சம் வாழ்நாள் முழுதும் வட்டியோடு வளர்கிறது. கனடாவில் 2012இல் வெளியான கணக்கெடுப்பில், குழந்தைகளுள் 63 விழுக்காட்டினரும் பெற்றோருள் 24 விழுக்காட்டினரும் தமக்கு ஊசியச்சம் உண்டென்றனர். சிலர் தடுப்பூசி போடாதிருந்ததற்கே அதுதான் காரணமாயிருந்தது. அவ்வச்சம் ஒருவரின் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவரோடு நில்லாது. அண்டை வீட்டையும் தாக்கும். இத்தகைய இழப்பைத் தடுக்கும் செலவு ஒரு சோப்புக் குமிழிப் புட்டியின் விலை என்றால், எந்த நிதி ஆலோசகரும் கையெழுத்திடத் தயங்கமாட்டார். அவர் தயங்குவது வேறிடத்தில். இதற்குத் தேவைப்படும் இரண்டாவது செவிலியரின் பணியிடத்தில். அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஒருவரே குழந்தையையும் பார்த்து ஊசியையும் பார்ப்பது கடினம். தாயையோ, பயிற்சி மாணவியையோ அவ்வேலைக்குப் பழக்குவதே இன்றைய நிலையில் வழி. நிலையான தீர்வு பணியிடமே.

அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இணக்கமான சேவை வேண்டுமென்று 2021 செப்டம்பரில் முஸ்கான் என்னும் தரத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயரால் பல சுவர்களில் மிக்கி எலியும் சோட்டா பீமும் வரையப்பட்டிருக்கக் காண்கிறேன். சுவர் வண்ணத்துக்கு எளிதில் நிதி கிடைக்கிறது, ஆய்வுக்கு வருவோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் ஓவியம் காத்திருக்கும் கூடத்தில் இருக்கிறது. ஊசி உள்ளறையில் இருக்கிறது. உள்ளறையில் குழந்தை படுத்தால் காண்பது வெறும் கூரையும் மின்விசிறியுமே. காத்திருக்கும் குழந்தைகள் உள்ளே நடப்பதைக் காணவும் கேட்கவும் வழியில்லாதவாறு கதவு இருந்தாலே பாதி வேலை முடியும். ஒருவர் அழுகை அடுத்தவருக்குத் தொற்றுவதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள்.

அலுவலர்களிடம் நான் கேட்பது பெரிய திட்டமன்று. இரத்தம் எடுக்கும் அறைப் பதிவேட்டில் பெயர், வயது, சோதனை, நேரம் என்று பத்திகள் இருக்கின்றன. அவற்றோடு இரண்டு பத்திகளைச் சேருங்கள். ஒன்று, எத்தனை முறை குத்தப்பட்டது என்பது. மற்றது, குழந்தையே தன் வலிக்குச் சுட்டிக்காட்டிய முகம். சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்களைக் கொண்ட படத்தை அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினர். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் எம்மொழி பேசினாலும் அதில் விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள். முதல் மாதம் வேறெதையும் மாற்றாமல் இவ்விரு பத்திகளை மட்டும் நிரப்புங்கள். இரண்டாம் மாதம் குமிழியும் படமும் தாய்மடியும் சேரட்டும். இரு மாதத்துத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்கள் குறையாவிட்டாலும் எனக்கு எழுதியனுப்புங்கள். குறையாததற்கான காரணத்தைச் சேர்ந்து தேடுவோம். மாணவர்களுள் எவரேனும் இதனைத் தம் ஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொள்வதாயின், பதிவேட்டின் மாதிரிப் படிவம் ஒன்றை இங்கே மேசைமேல் வைத்துச் செல்கிறேன்.